பிடிபட்ட சிப்பாய் குற்றவாளி இல்லை, அம்மிணி

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்தபோது நீ கேட்டது இதுதான். தம்பி மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, இப்போது எல்லையில் நிற்கிறான். எதிரி கையில் சிக்கிவிட்டால் அவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? ஜெனீவா சட்டம் என்று டிவியில் சொல்கிறார்களே, பிடிபட்டவனை ஒரு வாரத்துக்குள் விட்டுவிட வேண்டுமாமே, அது நிஜமா? அம்மா ராத்திரி தூங்குவதே இல்லை என்றும் சொன்னாய். பல்லடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் எழுதித் தருகிறேன் என்றேன். முப்பது வருஷம் வக்கீல் தொழில் பார்த்தவன், சட்டக் கல்லூரியில் இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

முதலில் அந்த ஒரு வாரக் கணக்கு. அப்படி ஒரு கெடு சட்டத்தில் கிடையாது. 1999இல் கார்கில் சண்டையின்போது நம் விமானி நச்சிகேதா மே 27இல் பாகிஸ்தானிடம் பிடிபட்டு ஜூன் 3இல் வந்துவிட்டார். இன்னொரு விமானி அபிநந்தன் 2019 பிப்ரவரி 27இல் பிடிபட்டு மார்ச் 1 ராத்திரி வாகா வழியாக வந்தார். இவற்றைப் பார்த்துத்தான் நாள் கணக்கு ஏதோ இருக்கிறது என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். சட்டம் சொல்வது வேறு. தீவிரச் சண்டை ஓய்ந்ததும் தாமதமில்லாமல் விடுவித்துச் சொந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பலத்த காயம் பட்டவர், கடும் நோயாளி தவிர மற்றவரை அதற்கு முன்பே விட்டால் அது பிடித்து வைத்த நாட்டின் முடிவு. அம்மாவிடம் இதை மறைக்காமல் சொல். பொய்யான நாள் கணக்கை நம்பியிருந்தால் எட்டாவது நாள் மனசு உடைந்துபோகும்.

இப்போது முக்கியமான விஷயம். 1949 ஆகஸ்ட் 12 அன்று ஜெனீவாவில் நான்கு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. மூன்றாவது முழுக்கப் போர்க்கைதிகளைப் பற்றியது, 143 பிரிவுகள். இந்தியா 1950இல் ஏற்றது, பாகிஸ்தான் 1951இல், சீனா 1956இல். இன்று உலகத்தில் இதை ஏற்காத நாடு இல்லை. நாங்கள் போரே அறிவிக்கவில்லையே என்று சொல்லியும் தப்ப முடியாது. இரண்டு நாடுகளுக்கு நடுவே ஆயுத மோதல் நடந்தாலே போதும், இது வந்துவிடும். கார்கிலை யாரும் போர் என்று அறிவிக்கவில்லை, ஆனாலும் இது செல்லுபடியாகும்.

இந்த 143 பிரிவுகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்: பிடிபட்ட சிப்பாய் குற்றவாளி இல்லை. அவன் தன் நாட்டுக்காகச் சண்டை போட்டான், அது குற்றமாகாது. அவனை அடைத்து வைப்பது தண்டனையும் ஆகாது, மறுபடி சண்டைக்குப் போகாமல் தடுத்து வைப்பது மட்டும்தான். அதனால்தான் போர்க்கைதியைச் சாதாரண ஜெயிலில் போடக்கூடாது, முகாமில்தான் வைக்க வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. துப்பாக்கி தூக்கினான், எங்கள் ஆட்களைச் சுட்டான் என்பதற்காக வழக்குப் போடவும் முடியாது.

இது ஏன் பெரிய விஷயம் என்பது நம் ஊர்க் கதை தெரிந்தால் புரியும். 1791இல் கோயமுத்தூர் கோட்டை கும்பினிக்காரர்கள், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்கள், கையில் இருந்தது. லெப்டினன்ட் சால்மர்ஸ் என்பவர் சின்னப் படையோடு ஜூன் முதல் நவம்பர் வரை திப்பு சுல்தானின் படையை எதிர்த்துத் தாக்குப்பிடித்தார். கடைசியில் சரணடைந்தபோது, படையோடு பாலக்காட்டுக்குப் போக விடுவோம் என்று திப்புவின் தளபதி கமருதீன் கான் வாக்குக் கொடுத்தார். திப்பு அந்த வாக்கை ஏற்கவில்லை. அத்தனை பேரையும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கைதிகளாக நடத்திக்கொண்டு போனார்கள். கோட்டை இருந்த இடத்தை இன்றும் கோட்டைமேடு என்றுதான் சொல்கிறோம். சரணடைந்தவனுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் கேட்க அன்றைக்கு எந்தச் சட்டமும் கிடையாது.

கும்பினிக்காரர்கள் மட்டும் யோக்கியமாக நடந்தார்களா? பதினான்கு வருஷம் கழித்து, 1805 ஜூலை 31இல், தீரன் சின்னமலையை சங்ககிரிக் கோட்டையில் தூக்கில் போட்டார்கள். காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் நேருக்கு நேர் நின்று போர் செய்தவர். ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் அவரை நினைக்கிறோம். நான் வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பதுண்டு: இன்றைய சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் சின்னமலை போர்க்கைதியா, கலகக்காரரா?

உடன்படிக்கையின் நான்காவது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. முறையான ராணுவத்தில் இருப்பவர் நேரடியாகப் போர்க்கைதி, அதில் பேச்சுக்கே இடமில்லை. உன் தம்பி இந்த வகை. ராணுவத்தைச் சேராத படை என்றால் நான்கு விஷயம் பார்ப்பார்கள்: பொறுப்பேற்க ஒரு தலைவன், தூரத்திலிருந்து அடையாளம் தெரியும் சின்னம், வெளிப்படையாக ஆயுதம் தாங்குவது, போர் நெறிகளை மதிப்பது. அந்தப் படை ஒரு நாட்டின் தரப்பில் நின்று போரிடவும் வேண்டும். திப்பு உயிரோடு இருந்த காலத்தில், அவர் தரப்பில் நின்று போரிட்டபோது சின்னமலை பிடிபட்டிருந்தால் என் வாதம் சுலபமாக நின்றிருக்கும். 1799இல் திப்பு விழுந்த பிறகு அவர் தனி ஆளாகத்தான் நின்றார். அவர் கையில் இருந்த நிலமும் கோட்டையும் படையும் ஒரு அரசுக்குச் சமம் என்றுதான் நான் வாதாடுவேன், எதிர்த்தரப்பு மறுக்கும். ஆனால் ஒன்று நிச்சயம். சந்தேகம் இருந்தால், தகுதியுள்ள ஒரு தீர்ப்பாயம் முடிவு சொல்லும் வரை அவரைப் போர்க்கைதியாகவே நடத்த வேண்டும் என்கிறது ஐந்தாவது பிரிவு.

உளவாளிக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. சீருடையைக் கழற்றிவிட்டு வேஷம் போட்டு ரகசியம் திரட்டும்போது சிக்கினால், படைவீரனாகவே இருந்தாலும் போர்க்கைதி அந்தஸ்து போய்விடும். அவனையும் விசாரிக்காமல் தண்டிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

சரி, பிடிபட்ட அந்த முதல் சில மணி நேரத்துக்கு வருவோம். அதிக ஆபத்து அப்போதுதான். பிடித்தவன் கோபத்தில் இருப்பான், அவன் கூட்டாளி செத்திருப்பான். அதனால்தான் 12ஆம் பிரிவு ஒரு கோடு போடுகிறது: கைதி, பிடித்த சிப்பாயின் சொத்தோ அந்தப் படைப்பிரிவின் சொத்தோ இல்லை, அந்த நாட்டின் பொறுப்பு. அவனுக்கு ஏதாவது நடந்தால் அந்த நாடு பதில் சொல்ல வேண்டும். அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, அவமானப்படுத்தக்கூடாது, ஊரார் வேடிக்கை பார்க்க நிறுத்தக்கூடாது. நீங்கள் எங்கள் ஆட்களை இப்படிச் செய்தீர்கள், அதனால் நாங்களும் செய்கிறோம் என்று கைதி மேல் பழி தீர்ப்பதும் கூடாது. சண்டை நடக்கும் இடத்திலிருந்து சீக்கிரமாகப் பின்னால் கொண்டு போக வேண்டும். தலைக்கவசத்தையும் சொந்தப் பொருளையும் பிடுங்கக்கூடாது. பணத்தை எடுத்தால் அதிகாரியின் உத்தரவும் ரசீதும் வேண்டும்.

கேள்வி கேட்கலாமா என்றால், கேட்கலாம். ஆனால் அவன் சொல்லியாக வேண்டியது நான்கே நான்கு: பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண். அபிநந்தன் டீ குடித்துக்கொண்டே பேசிய வீடியோவை நீயும் பார்த்திருப்பாய். என்ன விமானம், என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டபோது, அதை நான் சொல்லக் கூடாது என்று மரியாதையாக மறுத்தாரே, அதுதான் 17ஆம் பிரிவு. சொல்லாததற்காகச் சித்திரவதை செய்யவோ, சோற்றை நிறுத்தவோ, திட்டவோ முடியாது. அதே சமயம், கண்ணைக் கட்டி முகத்தில் ரத்தத்தோடு அவரைக் காட்டிய முதல் வீடியோ 13ஆம் பிரிவை மீறியது. வேடிக்கைப் பொருளாக்காதே என்று சட்டம் சொல்வதைத்தான் அங்கே செய்தார்கள்.

ஆனாலும் அந்த வீடியோவைப் பற்றி இன்னொன்றும் யோசித்திருக்கிறேன். அது வெளியே வந்த பிறகு, அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் படித்ததில் நான் கண்டது இது: போர்க்கைதியைக் காப்பாற்றுவதில் முதல் இடம் சோற்றுக்கோ மருந்துக்கோ கிடையாது, அவன் பெயர் பதிவாவதற்குத்தான். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையோடு சீட்டு இல்லாவிட்டால் அது யாருடையது என்று யார் பதில் சொல்வார்கள்? மனுஷனுக்கும் அப்படித்தான். முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள், கைதி தன் குடும்பத்துக்கு ஒரு அட்டையும் ஜெனீவாவில் இருக்கும் மத்தியத் தகவல் நிலையத்துக்கு ஒரு அட்டையும் எழுத அனுமதிக்க வேண்டும் என்கிறது 70ஆம் பிரிவு. நான் பிடிபட்டேன், இங்கே இருக்கிறேன், என் உடல்நிலை இது என்பதுதான் அதில் இருக்கும். பிடித்த நாடும் தன் பக்கம் ஒரு தகவல் அலுவலகம் திறந்து பட்டியல் அனுப்ப வேண்டும். பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவினர் முகாமுக்கு வந்து, காவலர் இல்லாமல் கைதியோடு தனியாகப் பேச உரிமை உண்டு. பெயர் ஒருமுறை அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால், அந்த ஆளைக் காணாமல் ஆக்குவது கஷ்டம்.

பதிவு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழர்களுக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேரளவில் வேலை செய்தார்கள், 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். கொடுமைதான். ஆனாலும் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களில் கிட்டத்தட்ட 7,000 பேருக்குக் கல்லறை இருக்கிறது, பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது. அதே பாதையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்களும் பர்மா, ஜாவா ஆட்களுமாகப் பல பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அவர்கள் சிப்பாய்கள் இல்லை, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. சேலம் ஜில்லாவிலிருந்தும் மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்கள் உண்டு. எந்த ஊர்க்காரர், யார் பிள்ளை என்று கேட்டால் சொல்ல ஒரு ஏடு கிடையாது.

1971 போரில் காணாமல் போய், பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக நம் நாடு சொல்லிவரும் 54 வீரர்களின் விஷயமும் இதுவே. பாகிஸ்தான், எங்களிடம் யாரும் இல்லை என்றே சொல்லிவருகிறது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் குடும்பங்கள் காத்திருக்கின்றன.

முகாமில் வாழ்க்கை எப்படி என்று உன் அம்மா கேட்பார். சாப்பாடு, துணி, மருந்து எல்லாம் இலவசம். தங்கும் இடம், பிடித்த நாட்டுப் படை அதே பகுதியில் தங்கும் இடத்துக்குக் குறையக்கூடாது. சாப்பாட்டில் கைதி பழகிய உணவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 26ஆம் பிரிவே சொல்கிறது. சோறு சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த உடன்படிக்கையை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களில் பலர் முந்தின போரின் முகாம்களைக் கண்ணால் பார்த்த தலைமுறை. தண்டனையாக எல்லோருக்கும் சோற்றைக் குறைக்கக்கூடாது. மாதம் ஒருமுறை மருத்துவர் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். சாமி கும்பிடத் தடை போடக்கூடாது. மாதம் குறைந்தது இரண்டு கடிதம், நான்கு அட்டை எழுதலாம். அதிகாரிகளை வேலை வாங்கக்கூடாது. சிப்பாயை வேலை வாங்கலாம், ஆனால் அந்த வட்டாரத்துத் தொழிலாளியைவிட அதிக நேரம் கூடாது, மத்தியானம் ஒரு மணி நேரமாவது ஓய்வு, வாரம் ஒரு முழுநாள் லீவு, வேலைக்குக் கூலி. கண்ணிவெடி எடுக்கும் வேலைக்கு, அவனாக ஒப்புக்கொண்டால் ஒழிய, அனுப்பக்கூடாது. இதெல்லாம் போக, மாதச் சம்பள முன்பணம் வேறு உண்டு. சார்ஜெண்டுக்குக் கீழே இருப்பவனுக்கு 8 சுவிஸ் பிராங்க், ஜெனரலுக்கு 75. 1949இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது.

தப்பித்து ஓடுவது பற்றி ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. தப்ப முயல்வது படைவீரனின் கடமை என்று சட்டம் புரிந்துகொள்கிறது. முயன்று மாட்டிக்கொண்டால் ஒழுங்கு நடவடிக்கை மட்டும்தான், அது எதுவானாலும் 30 நாளைத் தாண்டக் கூடாது. தப்பித்துத் தன் படையோடு சேர்ந்துவிட்டு, பிறகு இன்னொரு சண்டையில் மறுபடி பிடிபட்டால், பழைய தப்பிப்புக்குத் தண்டனையே கிடையாது. ஓடுகிறவனைச் சுடுவது கடைசி வழி, முதலில் எச்சரிக்க வேண்டும்.

உண்மையிலேயே போர்க்குற்றம் செய்தவன் என்றால்? வழக்கு நடத்தலாம். வக்கீல் வேண்டும், அவனுக்குப் புரியும் மொழியில் குற்றச்சாட்டு வேண்டும், பிடித்த நாட்டின் சொந்தச் சிப்பாய்க்கு உள்ள அதே நீதிமன்றம், அதே நடைமுறை வேண்டும். மரண தண்டனை விதித்தால், அவன் நலனைப் பார்க்கும் நடுநிலை நாட்டுக்குத் தகவல் போய் ஆறு மாதம் கழியும் வரை நிறைவேற்றக்கூடாது. சங்ககிரியை நினைத்துக்கொண்டு இந்தப் பிரிவைப் படித்துப் பார்.

நம் நாடும் ஒரு பெரிய சோதனையைச் சந்தித்தது. 1971 டிசம்பர் 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது, பொதுமக்களையும் சேர்த்துச் சுமார் 93,000 பேர் நம் கையில். சண்டை அடுத்த நாளே முழுவதும் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் அவர்கள் கடைசியாகத் திரும்பி முடிந்தது 1974 ஏப்ரலில்தான். வங்கதேசமும் சேர்ந்த கூட்டுப் படையிடம் சரணடைந்தார்கள், அந்த நாட்டின் சம்மதமும் வேண்டும் என்பது நம் வாதம். 195 பேரைப் போர்க்குற்றத்துக்காக விசாரிக்க வங்கதேசம் விரும்பியது. பாகிஸ்தான் 1973இல் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், பிறகு வழக்கைத் திரும்பப் பெற்றது. அதே வருஷம் ஆகஸ்டில் டெல்லி ஒப்பந்தம் வந்துதான் முடிச்சு அவிழ்ந்தது. நம்மவர்கள் கைதிகளுக்குச் சோறு போட்டார்கள், கடிதம் எழுத விட்டார்கள், செஞ்சிலுவைக்காரர்களை உள்ளே விட்டார்கள், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் தாமதமில்லாமல் என்ற சொல்லுக்கு இரண்டு வருஷம் பொருந்துகிறது என்று என்னால் சொல்ல முடியாது. நம் பக்கம் என்பதற்காக வேறு அளவுகோல் வைத்தால் நாளைக்கு உன் தம்பிக்காகப் பேச வாய் வராது.

இன்னொரு கேள்வி நீ கேட்கவில்லை, ஆனால் பவானிசாகர் முகாமில் இருக்கும் ஈழத்துக் குடும்பத்தார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் போர்க்கைதிகள் இல்லையா என்று. ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கும் சண்டையில் இந்த 143 பிரிவும் வராது, அரசுகள் அதற்கு ஒப்பவில்லை. நான்கு உடன்படிக்கைக்கும் பொதுவான மூன்றாவது பிரிவு ஒன்றுதான் வரும். ஆயுதத்தைக் கீழே வைத்தவனைக் கொல்லக்கூடாது, சித்திரவதை கூடாது, அவமானப்படுத்தக்கூடாது, முறையான நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் தண்டனை கூடாது. இது இரண்டு தரப்பையும் கட்டும். ஆனால் ஆயுதம் தூக்கியதற்காக வழக்குப் போடத் தடை இல்லை. சரணடைந்தவர் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கும் தாய்மாருக்கு இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அங்கேயும் குறை அதேதான், கையில் கிடைத்தவர்களின் பெயர்ப் பட்டியல் வெளியே வரவில்லை.

இந்தச் சட்டத்தை யார் மதிக்கிறார்கள் என்று கேட்பாய். மீறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹிட்லரின் படை பிடித்த சுமார் 57 லட்சம் சோவியத் சிப்பாய்களில் 33 லட்சம் பேர் வரை செத்தார்கள். சோவியத் நாடு 1929 உடன்படிக்கையில் சேரவில்லை என்பதை அதற்குச் சாக்காகச் சொன்னார்கள். அதே ஜெர்மனி பிடித்து வைத்த பிரிட்டிஷ், அமெரிக்கக் கைதிகளில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு திரும்பினார்கள். ஜெர்மன் கைதிகளும் அந்த நாடுகளின் கையில் இருந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். உன் ஆள் என்னிடம், என் ஆள் உன்னிடம் என்ற அந்தக் கணக்குதான் இந்தச் சட்டத்தின் போலீஸ் மாதிரி. நம் நாட்டில் 1960ஆம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கைச் சட்டம் இருக்கிறது. கைதியை வேண்டுமென்றே கொன்றால் தூக்கு அல்லது ஆயுள், மற்ற கடுமையான மீறலுக்குப் பதினான்கு வருஷம் வரை சிறை. ஆனால் அரசு புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியும், குடும்பத்தார் நேரடியாகப் போக முடியாது. இது மாற வேண்டும் என்று நான் ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது சிலதுதான். தம்பியின் படை எண், பதவி, ரெஜிமெண்ட் பெயர், பிறந்த தேதி நான்கையும் ஒரு நோட்டில் எழுதிப் பத்திரமாக வை, தேதி அவன் ராணுவப் பதிவில் இருப்பதோடு சரியாகப் பொருந்த வேண்டும். அவன் அடையாள அட்டையை எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்டலாம், ஆனால் அதை யாரும் பிடுங்கிக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ஏதாவது தகவல் வந்தால் முதலில் அவன் ரெஜிமெண்டின் பதிவு அலுவலகம், அடுத்து டெல்லியில் இருக்கும் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு அலுவலகம். வாட்ஸப்பில் அவன் போட்டோவையும் எங்கே வேலை பார்க்கிறான் என்பதையும் போட வேண்டாம், அது அவன் வாயால் சொல்லக் கூடாததை நீ சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பொங்கலுக்கு லீவில் வந்தால் அவனையும் அழைத்து வா. இந்த உடன்படிக்கையைத் தன் படைவீரர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒவ்வொரு நாட்டின் கடமை, 127ஆம் பிரிவு. அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.